இன்ஜின் பிறக்கும் இரண்டு ஊர்கள்

காரைக்காலில் பதிவான காரின் எண் பி.ஒய். 02 என்று தொடங்கும். கார் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அதே ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வேறு இரண்டு எண்கள் இன்னும் நிறையச் சொல்லும். ஒன்று சேசிஸ் எண். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இடங்கள், காரைச் செய்த நிறுவனத்தையும் நாட்டையும் காட்டும். எம்.ஏ.எல். என்றிருந்தால் ஹூண்டாய் இந்தியாவில் செய்த கார், எம்.ஏ.3 என்றிருந்தால் மாருதி சுசுகி. மற்றொன்று இன்ஜின் எண். ஹூண்டாயின் சிறிய கார் ஒன்றில் அது ஜி4எல்ஏ என்று தொடங்கினால், பெட்ரோலில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜின், ‘காப்பா’ குடும்பத்தைச் சேர்ந்தது என்று பொருள்.

இன்ஜின் எந்த வகை, காரைச் செய்தவர் யார் என்பது வரை இந்த எண்களில் தெரிந்துவிடும். அந்த இன்ஜினை யோசித்தவர் யார் என்பது எந்த எண்ணிலும் இல்லை. சிலிண்டரின் விட்டம் ஏன் 71 மில்லிமீட்டர்? இந்தக் காருக்கு ஏன் மூன்று சிலிண்டர், அந்தக் காருக்கு ஏன் நான்கு? இதற்கெல்லாம் காரணம் சொல்லக்கூடியவர் ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கிறார். அலுமினியத்தை உருக்கி வார்த்து, கடைந்து, பூட்டி அனுப்புபவர் இன்னோர் ஊரில் நிற்கிறார். இரண்டும் ஒரே ஊராக அமைவது அபூர்வம். அந்த இரண்டு ஊர்களும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதை வைத்தே ஒரு நாட்டின் பொறியியல் வளர்ச்சியை அளந்துவிடலாம். நம் கண்ணெதிரே, காரைக்காலிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில், அவை நெருங்கி வந்த கதைதான் இது.

பிரெஞ்சுப் பெயர், ஒரகடத்து இன்ஜின்

காரைக்காலுக்கு பிரெஞ்சுப் பெயர்கள் புதியவை அல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால்பதித்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி உறுதியானது. ரெனோ, சிட்ரோயன் ஆகிய இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் சிறிய கார்கள் இன்று தமிழ்நாட்டில் தயாராகின்றன. அவற்றில் ரெனோவின் குவிட் என்ற காரின் கதை நம் கேள்விக்கு மிகவும் பொருத்தமானது.

பாரிஸ் நகரை ஒட்டிய பியான்கூரில் 1898-இல் தொடங்கிய நிறுவனம் ரெனோ. அதன் வடிவமைப்புப் பணிகளின் தலைமையிடம் பாரிசுக்கு அருகே கியான்கூரில் இருக்கிறது. 2010 மார்ச்சில் ரெனோவும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கார் ஆலையைத் திறந்தன. இரு நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து வேலை செய்யும் தொழில்நுட்ப மையம் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அமைந்தது.

குவிட் உருவானது இந்தச் சூழலில்தான். திட்டத்தை நடத்தியவர் ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அதற்கு முன்பு ரெனோ குழுமத்தின் டாசியா லோகன் வழிவந்த மலிவு விலைக் கார்களைப் பொறுப்பேற்று நடத்தியவர். பிரான்சில் வரைந்த காரை இந்தியாவுக்கு ஏற்றபடி குறுக்கி, மலிவாக்கி விற்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. குழுவைச் சென்னையில் அமர்த்தி, இங்குள்ள உதிரிபாக நிறுவனங்களின் விலையிலிருந்தும் திறனிலிருந்தும் தொடங்கிக் காரை அடியிலிருந்து கட்டினார். முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு என்று ஒவ்வொரு பாகமும் கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. இன்ஜினும் கியர்பாக்ஸும் இந்தக் காருக்கென்றே புதிதாக உருவாயின.

2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த குவிட்டின் இன்ஜின் 799 சி.சி., மூன்று சிலிண்டர், 54 குதிரைத்திறன். காரின் 98 சதவீதம் உள்நாட்டில் செய்யப்பட்டது என்று நிறுவனம் அறிவித்தது. டில்லி ஷோரூம் விலை 2.57 லட்சம் ரூபாயில் தொடங்கியது. இன்ஜின் தயாரானது ஒரகடத்தில். அதன் சிந்தனை பிரெஞ்சு, ஜப்பானிய, இந்தியப் பொறியாளர்கள் சென்னையில் ஒரே மேசையில் அமர்ந்து உருவாக்கியது. தெதூர்பே 2019-இல் காலமானார். அவர் நிரூபித்துக் காட்டிய செய்தி எளிமையானது: செய்யும் இடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வடிவமைத்தால் வேறு மாதிரியான இன்ஜின் கிடைக்கும்.

ஏன் அப்படி? இதற்கு விடை தெரிய, வடிவமைப்பு மேசையில் நடப்பது என்ன, ஆலைத் தரையில் நடப்பது என்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மேசையில் எடுக்கும் முடிவுகள்

ஹூண்டாயின் 1.2 லிட்டர் காப்பா இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழுமாக நகரும் தூரம் 75.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களிலிருந்து ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 299 கன சென்டிமீட்டர் வரும். நான்கு சிலிண்டருக்கு 1197. காரின் விளம்பரத்தில் வரும் ‘1197 சி.சி.’ இந்தக் கணக்குத்தான்.

இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது அதன் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஒரு நொடியில் 100 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வருகிறது. அப்படியானால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது. அது எரிந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அந்தக் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டன் செய்யப்பட்டிருப்பதோ அலுமினியத்தில். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அது உருகாமல் இருக்கக் காரணம், எரிதல் மிகக் குறுகிய நேரமே நடப்பதும், பின்னாலேயே குளிர்ந்த புதுக் கலவை உள்ளே வருவதும், எண்ணெயும் குளிர்நீரும் வெப்பத்தை இடைவிடாமல் இழுத்துக்கொண்டு போவதும்தான். வாயுவின் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல 60 மடங்கு என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் விழும் விசை இரண்டு டன்னுக்கும் மேல்.

வடிவமைப்பாளரின் வேலை இந்த எண்களை ஒன்றுக்கொன்று இசைவாக வைப்பது. விட்டத்தைக் கூட்டினால் பெரிய வால்வுகள் வைக்கலாம். அதிக வேகத்தில் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் தீ பரவ வேண்டிய தூரம் கூடும், சுவர் வழியாக வெப்பம் வீணாகும். பிஸ்டன் நகரும் தூரத்தைக் கூட்டினால் குறைந்த வேகத்தில் இழுவை கூடும். அதிக வேகத்திலோ உராய்வு ஏறிவிடும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சாதாரண ஓட்டத்தில் சக்கரத்துக்குப் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகச் சிறந்த பெட்ரோல் இன்ஜின்கள்கூட அவற்றுக்கு மிக உகந்த நிலையில் 40 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டுகின்றன. எனவே உராய்வில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு துளியும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் வந்து சேரும்.

சிலிண்டர்களின் எண்ணிக்கையும் இப்படி ஒரு முடிவுதான். 800 சி.சி. கொள்ளளவை நான்காகப் பிரித்தால் ஒன்றுக்கு 200 சி.சி.; மூன்றாகப் பிரித்தால் ஏறத்தாழ 267. சிலிண்டர் குறைந்தால் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாமே குறையும். உராய்வும் எடையும் விலையும் குறையும். இதற்குக் கொடுக்கும் விலை அதிர்வு. நான்கு சிலிண்டரில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஓர் எரிதல் நடக்கிறது. மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. மூன்று பிஸ்டன்களும் 120 டிகிரி இடைவெளியில் சுழலும் கிராங்க்கில் மாட்டியிருப்பதால் மேல்நோக்கிய, கீழ்நோக்கிய விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஆனால் விசைகள் ஒரே இடத்தில் இல்லை. முன் சிலிண்டர் மேலே தள்ளும்போது பின் சிலிண்டர் கீழே தள்ளுகிறது. பூங்காவில் குழந்தைகள் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஏற்றப்பலகை மாதிரி இன்ஜினின் இரு முனைகளும் மாறிமாறி எழுந்து தாழப் பார்க்கும். இதை அடக்க எதிர்த்திசையில் சுழலும் தனித் தண்டு ஒன்றை வைக்கலாம். அது எடை, விலை, உராய்வு மூன்றையும் கூட்டும். அல்லது கிராங்க்கின் இரு முனைகளில் எடையைக் கணக்காகச் சேர்த்து, அதிர்வின் திசையைத் திருப்பி, மிச்சத்தை இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளிடம் விட்டுவிடலாம். மலிவான காருக்கு இரண்டாவது வழிதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். சிக்னலில் நிற்கும் சிறிய காரின் ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கம் இந்த முடிவின் விளைவு.

வட்டமாக இல்லாத பிஸ்டன்

மேசையும் ஆலையும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க பிஸ்டனே போதும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி சில பத்து மைக்ரான்கள்.

இன்ஜின் சூடேறும்போது என்ன நடக்கிறது? 71 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூய அலுமினிய வட்டை 100 டிகிரி சூடாக்கினால் அது 163 மைக்ரான் விரியும். அதே அளவுள்ள வார்ப்பிரும்புச் சிலிண்டர் அதே சூட்டில் 80 மைக்ரானைக்கூட எட்டாது. வித்தியாசம் ஏறத்தாழ 85 மைக்ரான். விட்டிருந்த இடைவெளியை முழுவதுமாக விழுங்கிவிடும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்த அறிவுதான் இன்றைய பிஸ்டன். அலுமினியத்தில் சிலிக்கானைக் கலந்து விரிவைக் குறைக்கிறார்கள். தீயைத் தொடும் தலைப்பகுதி அதிகம் சூடாவதால் அதைக் கீழ்ப்பகுதியைவிடச் சற்றுச் சிறியதாகக் கடைகிறார்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி இருக்கும் பக்கத்தில் உலோகம் தடிமனாக இருப்பதால் அந்தப் பக்கம் கூடுதலாக விரியும். ஆகவே பிஸ்டனை முழு வட்டமாகச் செய்யாமல் லேசான நீள்வட்டமாகச் செய்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அது வட்டமில்லை. ஓடிச் சூடேறிய பிறகுதான் வட்டத்தை நெருங்குகிறது.

இந்த வடிவத்தைக் கணினியில் வரையலாம். ஆனால் எந்தக் கலவை உலோகத்தை இங்குள்ள வார்ப்படச் சாலை தொடர்ந்து ஒரே தரத்தில் கொடுக்கும், கடைசல் இயந்திரம் எத்தனை மைக்ரானுக்குள் நிற்கும் என்று தெரியாமல் வரைந்தால் அந்தப் படம் தாளிலேயே நின்றுவிடும். சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், வால்வு செய்யும் ரானே, அலுமினிய வார்ப்படம் செய்யும் சுந்தரம் கிளேட்டன், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., கோவையின் பைமெட்டல் பேரிங்ஸ் ஆகிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்திருப்பது இந்த வகை அறிவைத்தான். பாடியின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சுக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பத் தொடங்கியபோது, இந்த அறிவு உலகத் தரத்தில் நிற்கும் என்பது வெளியே தெரிந்தது.

ஆலைத் தரையில்

சிறிய காரின் இன்ஜின் பிளாக் பெரும்பாலும் அலுமினியம். உருகிய அலுமினியத்தை எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பல இன்ஜின்களில் சிலிண்டரின் உட்சுவருக்கான இரும்புக் குழாய்களை முன்கூட்டியே அச்சுக்குள் நிறுத்தி, சுற்றிலும் அலுமினியத்தை வார்த்துவிடுகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி சிக்கினால் பின்னால் அந்த இடத்தில் எண்ணெயோ நீரோ கசியும். அதனால் ஒவ்வொரு பிளாக்கும் கசிவுச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

அடுத்தது கடைசல். சிலிண்டரின் உட்புறத்தைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கினால் எண்ணெய் நிற்காது. எனவே கடைசியில் ‘ஹோனிங்’ என்ற முறையில் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இழுக்கிறார்கள். அந்தக் கீறல்களில் தங்கும் எண்ணெய்தான் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உரசும் ரிங்குகளைக் காக்கிறது. கீறலின் கோணமும் ஆழமும் சற்று மாறினாலும் ஒரு பக்கம் எண்ணெய் எரியும், மறுபக்கம் ரிங் தேயும்.

கனெக்டிங் ராடின் கதை இன்னும் வியப்பானது. அதன் கீழ்முனை கிராங்க்ஷாஃப்டைச் சுற்றிப் பூட்டப்பட வேண்டும் என்பதால் இரண்டு பாதியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டையும் தனித்தனியே கடைந்து சேர்த்தார்கள். இப்போது பல இன்ஜின்களில் முழு வளையமாகவே செய்து, பிறகு பலங்கொண்டு அதை இரண்டாகப் பிளக்கிறார்கள். முறிந்த முகங்களின் மேடு பள்ளங்கள் ஒன்றுக்கொன்று மட்டுமே பொருந்தும். திரும்பப் பூட்டும்போது இம்மியும் நகராது. எந்தக் கடைசல் இயந்திரமும் தர முடியாத பொருத்தத்தை ஒரு முறிவு தருகிறது.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நீளத்தை அளக்க உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய பிளாக்கை 40 டிகிரி வெயில் நாளில் அப்படியே அளந்தால், 20 டிகிரியில் இருப்பதைவிட 138 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். தாங்கக்கூடிய பிழையோ ஒற்றை இலக்க மைக்ரான்கள். ஆகவேதான் இன்ஜின் ஆலையின் அளவீட்டு அறை ஆண்டு முழுவதும் ஒரே குளிரில் இருக்கிறது.

பூட்டி முடித்த இன்ஜினைப் பெட்ரோல் ஊற்றாமலே முதலில் சோதிக்கிறார்கள். வெளியிலிருந்து மின்மோட்டார் அதைச் சுழற்றும். சுழற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது, எண்ணெய் அழுத்தம் எப்படி ஏறுகிறது, எந்த வால்வு எப்போது மூடுகிறது என்று உணர்விகள் பதிவு செய்யும். தவறாக மாட்டிய ஒரு ரிங்கைக்கூட அந்த வரைகோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ரயில் பாதையோரத்து வரலாறு

காரைக்காலிலிருந்து தாம்பரம் போகும் ரயில், செங்கல்பட்டைத் தாண்டியதும் தமிழகத்தின் கார் வரலாற்றின் நடுவே ஓடுகிறது. பரனூரில் பாதையை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி. ரெனோ, நிசான் பொறியாளர்களின் மையமும் மகிந்திராவின் ஆராய்ச்சி மையமும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்து சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து பிரியும் சாலை ஒரகடத்துக்குப் போகிறது. பிறகு மறைமலை நகர். ஃபோர்டு ஆலை எழுந்த இடம். இன்னும் வடக்கே வண்டலூர்.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் நடந்தது வண்டலூரில்தான். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தது. இங்கிலாந்தில் உருவான 948 சி.சி. இன்ஜின் கொண்ட கார் அது. உடற்கூட்டில் வண்டலூர் தன் சொந்த யோசனையைக் காட்டியது. இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு இங்கே வந்தது. பின்பு 1972-இல் கேசல் என்ற கார் வந்தது. ஆனால் புதிய இன்ஜினை அடியிலிருந்து வடிவமைக்கும் பணமோ ஆராய்ச்சிக்கூடமோ போட்டியின் நெருக்கடியோ அந்தக் காலத்தில் இல்லை. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 அதன் விளைவை வெளிச்சமாக்கியது. வெளித்தோற்றம் ரோவரின் நவீன வடிவம்; உள்ளே 1940-களில் இங்கிலாந்தில் உருவான இன்ஜினின் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின். சில ஆண்டுகளிலேயே அந்தக் கார் சந்தையிலிருந்து மறைந்தது. செய்யத் தெரிந்த கைகள் இருந்தும், மாற்றி யோசிக்கும் மேசை இல்லாததால் ஓர் ஆலை எப்படித் தேங்கும் என்பதை வண்டலூர் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

இரண்டாவது அத்தியாயம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. 1996-இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய், 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை விற்பனைக்கு விட்டது. 999 சி.சி. இன்ஜின் கொரியாவில் வடிவமைத்தது; வார்ப்படமும் இன்ஜின் பிரிவும் கியர்பாக்ஸ் பிரிவும் ஒரே வளாகத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்தன. 2008-இல் அங்கேயே காப்பா இன்ஜின் தயாராகத் தொடங்கி ஐ10 காரில் வந்தது. கொரியாவின் நம்யாங் ஆராய்ச்சி மையத்தை மூளையாகவும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைக் கைகளாகவும் கொண்ட ஏற்பாடு இது.

மூன்றாவது அத்தியாயத்தில் ஓட்டம் தலைகீழாகிறது. மகிந்திரா நிறுவனம் 2012-இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தன் ஆராய்ச்சி மையத்தைத் திறந்தது. 2016 ஜனவரியில் வந்த அதன் கே.யு.வி.100 என்ற சிறிய காருக்காக ‘எம்ஃபால்கன்’ என்ற 1198 சி.சி. மூன்று சிலிண்டர் அலுமினிய இன்ஜின் இங்கே உருவானது. கார் தயாரானது மகாராஷ்டிரத்தின் சாக்கனில். வெளியூரில் யோசித்ததை இங்கே செய்துகொடுத்த காலம் போய், இங்கே யோசித்த இன்ஜினோடு வெளியூரில் கார் தயாராகும் நாள் வந்தது. குவிட்டும் ஏறத்தாழ அதே நேரத்தில், 2015-இல் வந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ரயில் நிலையத்தின் பக்கத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்கள், இரண்டு புதிய மூன்று சிலிண்டர் இன்ஜின்களுக்கு வழி கண்டன.

சிட்ரோயன் இந்தப் பட்டியலில் வேறு இடத்தில் நிற்கிறது. 2022-இல் இந்தியாவுக்கு வந்த அதன் சி3 கார் திருவள்ளூரில் பூட்டப்படுகிறது. 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் பிரான்சில் வடிவமைத்தது. இந்தியக் கார்களுக்காக ஓசூரில் தயாராகிறது.

மூன்றாவது ஊர்

இன்றைய இன்ஜினுக்கு மூன்றாவது ஊர் ஒன்றும் உண்டு. எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் எத்தனை மில்லிகிராம் பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பதை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சிறு கணினி. அதில் ஆயிரக்கணக்கான எண்களை அட்டவணைகளாக நிரப்பிச் சரிசெய்யும் வேலைக்குக் ‘காலிபரேஷன்’ என்று பெயர். ஒரே இரும்பும் அலுமினியமும் இருந்தாலும் இந்த எண்கள் மாறினால் இன்ஜினின் குணமே மாறிவிடும்.

இந்த வேலையை வெளிநாட்டில் உட்கார்ந்து முடிக்க முடியாது. சித்திரை வெயிலில் ஏ.சி. ஓட, ஐந்து பேர் ஏறி, திருநள்ளாறு திருவிழா நெரிசலில் இரண்டாவது கியரில் ஊரும் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இங்கேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருளும் மாறிவருகிறது. காரைக்காலுக்குப் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் கிடைத்து, அங்கே 1993 முதல் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. டெல்டா மண்ணின் அடியிலிருந்து பெட்ரோலியம் வந்த காலம் அது. இப்போது பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் சேர்ந்து வருகிறது. எத்தனாலின் ஆற்றல் அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தட்டாமல் எரியும் திறனோ அதிகம். அதற்கேற்ப ரப்பர் குழாய்களும் தீப்பொறி நேரமும் மாற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் சாலையில் ஓடும்போதே புகையளவைக் கணக்கிடும் விதியும் வந்தது. குவிட்டின் 799 சி.சி. இன்ஜின் அந்த ஆண்டோடு விடைபெற்றது, 999 சி.சி. இன்ஜின் தொடர்ந்தது. அந்தந்த மண்ணின் விதிகளையும் வெயிலையும் அறிந்தவர்களே காலிபரேஷன் மேசையில் அமர முடியும் என்பதால், வடிவமைப்பின் இந்தப் பகுதி முதலில் நம்மிடம் வந்தது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் பல்லாயிரம் பொறியாளர்கள் வாகனக் கணினிகளுக்கான வேலையில் இருக்கிறார்கள்.

இன்ஜின் போனால்?

இந்தக் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சென்னையில் உருவான குவிட்டின் மின்சார வடிவம் 2019-இல் சீனாவில் விற்பனைக்கு வந்தது. 2021 முதல் டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. தயாரானது சீனாவில். கார் அதே அடித்தளம். ஆனால் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி மோட்டாரையும் பேட்டரியையும் வைத்ததும், உற்பத்தி ஊர் மாறிவிட்டது. மின்கலமும் மோட்டாரும் அவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுவும் எங்கே மலிவாகவும் தரமாகவும் கிடைத்தனவோ அங்கே கார் போனது.

பிஸ்டன், வால்வு, ரிங் செய்யும் தொழில்கள் சென்னையைச் சுற்றி வளர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மின்சாரக் காருக்கு அவற்றில் பல தேவையில்லை. மோட்டாரின் காந்தம், மின்கலத்தின் வேதியியல், சூட்டைக் கடத்தும் வழி, மென்பொருள் ஆகியவற்றில் இப்போதே மேசையைப் போடாவிட்டால், வண்டலூரில் நடந்தது வேறு வடிவில் திரும்ப நடக்கும். ஆலைகள் நம்மிடம் இருக்கும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று சொல்லத் தெரிந்தவர் வேறு ஊரில் இருப்பார்.

இது காரைக்காலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். திருவேட்டக்குடியில் புதுச்சேரிக்கான தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் பொறியியல் நிறுவனம் இருக்கிறது. பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. படித்து முடித்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் இளைஞர்கள் டெல்டாவின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பூட்டும் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வேலை மதிப்புக்குரியது. ஒரு ரிங்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்பதைக் கையால் அறிந்தவரின் அறிவு சாதாரணமானதல்ல. ஆனால் அந்த அறிவு மேசைக்கு ஏறிப் போக வழி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் ஓர் இன்ஜினைக் கழற்றிப் பூட்டினால் மட்டும் போதாது. பிஸ்டனின் விட்டத்தைக் குளிரிலும் சூட்டிலும் மைக்ரோமீட்டரால் அளந்து, விரிவைக் கணக்கிட்டு, அடுத்த இன்ஜினுக்கு என்ன மாற்றலாம் என்று எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். மோட்டாரைச் சுற்றிக் கட்டவும், மின்கலம் சூடாகும் விதத்தை அளக்கவும், அதே கேள்வியை அங்கும் கேட்கவும் பழக்க வேண்டும். தெதூர்பேயின் குழு ஒரு விஷயத்தை உறுதிசெய்துவிட்டது: நல்ல வடிவமைப்புக்கு பாரிசோ டோக்கியோவோ கட்டாயமில்லை; பொருளைச் செய்பவரின் பக்கத்தில் இருப்பதே பலம். செய்பவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போகிறார்கள். வடிவமைப்பவர்களும் இங்கிருந்தே போகும்படி அவர்களைப் படிக்கவைப்பது நம் கல்லூரிகளும் அரசும் ஆலைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய அடுத்த வேலை.